சாமிக்கு ஊற்றினால் நான் குடிக்கணுமா?

அக்காவிடம் கேளுங்கள்

குடியை நிறுத்தியவர்கள், நிறுத்தப் பார்க்கிறவர்கள், அவர்கள் வீட்டார் என்று இந்த மாதம் நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, பக்கம் முழுவதையும் இதற்கே எடுத்துக்கொண்டேன். புதிதாகப் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன், நான் பாளையங்கோட்டையில் இருக்கிற ஓய்வுபெற்ற நர்ஸ். மனநல வார்டில் பல வருஷம் வேலை பார்த்தவள். என் கூடப்பிறந்த தம்பி குடிநோயிலிருந்து மீண்டவன். அவன் சம்மதத்தோடுதான் அவனைப் பற்றி எழுதுகிறேன்.

அக்கா, எனக்கு 41 வயது. கொத்தனார் வேலை. அம்பாசமுத்திரம் பக்கம் கிராமம். பதினெட்டு வயதில் பிடித்த குடியை இந்தத் தை மாதம் ஆஸ்பத்திரியில் சேர்ந்து நிறுத்தினேன். இதுவரை தொடவில்லை. எங்கள் குலதெய்வம் சுடலைமாடன். அப்பாவுக்குப் பிறகு நான்தான் கோமரத்தாடி, சாமி என் மேல்தான் இறங்கும். சித்திரையில் கோயில் கொடைத் திருவிழா. ராத்திரி சாமி வேட்டைக்குப் போய் வந்ததும் சாராயம் கொடுப்பார்கள், அதை நான்தான் குடிக்க வேண்டும். ‘சாமில்லா குடிக்கி, நீயா குடிக்கே’ என்கிறார் சித்தப்பா. மறுத்தால் தெய்வக் குத்தம் ஆகுமோ என்று பயமாக இருக்கிறது. இன்னொன்று, குடியை விட்ட பிறகு எனக்குச் சேக்காளி, கூட்டாளி என்று ஒருத்தனும் இல்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு எங்கே போவது என்று தெரியவில்லை.

குடிக்காதீர்கள் தம்பி. ஒரு மூடி கூட வேண்டாம். சாமி உங்கள் மேல் இறங்கியிருக்கிற நேரத்தில் குடித்தாலும் அது போகிற இடம் உங்கள் வயிறுதான். இருபது வருஷத்துக்கு மேல் குடிக்குப் பழகிய உடம்பு, நிறுத்திச் சில மாதம்தான் ஆகிறது. படையலுக்கு ஊற்றியது எது, பாரில் ஊற்றியது எது என்று அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. விடிந்தால் சாமி மலையேறிவிடும், ஆசை உங்கள் கூடவே வீட்டுக்கு வரும். வார்டில் மறுபடியும் வந்து சேருகிறவர்களிடம் ‘திரும்ப எப்போ ஆரம்பிச்சீங்க’ என்று கேட்டால், நிறையப் பேர் ஒரு கொடையையோ கல்யாணத்தையோ சாவு வீட்டையோதான் சொல்வார்கள்.

தெய்வக் குத்தம் என்கிற பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. எங்கள் வீட்டுக்கும் மாடன்தான் குலதெய்வம். சின்னப் பிள்ளையில் கல்லிடைக்குறிச்சியில் இருந்தபோது, சாமி தீப்பந்தத்தோடு வேட்டைக்குக் கிளம்பினால் தெருவே கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்கும். நான் சத்தம் போடாமல் இருக்க அம்மா என் வாயைப் பொத்திக்கொள்வாள். அந்தப் பயமும் மரியாதையும் இன்றைக்கும் எனக்கு உண்டு. வில்லுப்பாட்டில் கேட்டிருப்பீர்கள், பார்வதி அம்மை விளக்குச் சுடருக்கு முந்தானை ஏந்தி வாங்கின பிள்ளை அவர். அப்படி ஏந்தி வாங்கின பிள்ளை, தனக்காகக் கச்சை கட்டி ஆடுகிறவனின் ஈரல் கெட்டுப்போகட்டும் என்று கேட்க மாட்டார். படையல் சாமிக்கு. பீடத்தில் வையுங்கள், பீடத்திலேயே ஊற்றுங்கள். உங்கள் கைக்கு இளநீர் வரட்டும்.

ஆனால் இதைக் கொடை ராத்திரியில் பேச முடியாது. மேளம் உச்சத்துக்கு ஏறி, சுற்றி அத்தனை பேர் நின்று நீட்டும்போது மறுக்கிற பலம் யாருக்கும் இருக்காது. பந்தல் கால்நாட்டுக்கு முன்னாலேயே, வரி பிரிக்கக் கூடும்போதே பேசி முடித்துவிடுங்கள். ஆஸ்பத்திரிச் சீட்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தனியாகப் போக வேண்டாம். உங்கள் வீட்டுக்காரியையும், ஊரில் சொல்லுக்கு மதிப்புள்ள பெரியவர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு முதலில் பூசாரியிடம் போங்கள். சித்தப்பாவிடம் அப்புறம் பேசிக்கொள்ளலாம். ஒரே கோயிலில் சாஸ்தாவுக்குச் சைவப் படைப்பு, மாடனுக்கு ஆடு, கோழி என்று காலங்காலமாகப் பிரித்துச் செய்கிறவர்கள்தான் நம் ஆட்கள். மனசு வைத்தால் இதற்கும் ஒரு முறை கண்டுபிடிப்பார்கள். ஒத்துக்கொள்ளவே இல்லையா, இந்த வருஷம் பங்காளிகளில் வேறு ஒருத்தர் வல்லயம் பிடித்துச் சாமியாடட்டும். நீங்கள் பொங்கல் வைத்து, பந்தியைப் பார்த்துவிட்டு, வேட்டை கிளம்புவதற்கு முன் வீட்டுக்குத் திரும்பிவிடுங்கள். அன்றைக்கு ராத்திரி முழுக்கக் குடிக்காத ஒருத்தர் உங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும்.

அந்த ஒருத்தர் யார்? உங்கள் இரண்டாவது கேள்வி அதுதான். எனக்கு முதல் கேள்வியை விட இதுதான் பெரிதாகப் படுகிறது.

என் தம்பி குடியை விட்ட புதிதில், சாயங்காலம் ஆறு மணியானால் வாசல் நடையில் உட்கார்ந்து கட்டியிருக்கிற சாரத்தின் ஓரத்தை விரலில் சுற்றுவான், பிரிப்பான், மறுபடி சுற்றுவான். குடித்த காலத்தில் அந்த நேரத்துக்கு அவனுக்குப் போக ஒரு இடம் இருந்தது, பேர் சொல்லிக் கூப்பிட ஆள் இருந்தது. குடி போனதும் அந்த நேரம் காலியாகக் கிடந்தது. நெல்லையப்பர் கோயிலுக்குப் போவான், சந்நிதியில் நின்றுவிட்டு அரை மணியில் திரும்பிவிடுவான். சாமியிடம் அவன் எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். ஆனால் ‘ஏல, நேத்து வரலியே, என்ன ஆச்சு’ என்று கேட்க ஒரு மனுஷன் வேண்டுமில்லையா?

அந்த மனுஷர்கள் அவனுக்குக் கிடைத்தது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்தில். ஏ.ஏ. என்று சொல்வார்கள். அது தொடங்கிய கதையே உங்கள் ஆறு மணிப் பிரச்சினைதான். 1935-ம் வருஷம் மே மாதம், நியூயார்க்கில் பங்குச் சந்தைத் தொழிலில் இருந்த பில் வில்சன் என்பவர் ஒரு காரியமாக அக்ரான் என்கிற ஊருக்குப் போகிறார். குடியை விட்டுச் சில மாதம்தான் ஆகியிருந்தது. போன காரியம் கெட்டுப்போய்விட்டது. ஓட்டல் கூடத்தில் ஒரு பக்கம் பார், இன்னொரு பக்கம் டெலிபோன். அங்கே இருந்த சர்ச் பட்டியலைப் பார்த்துப் போன் போட்டார். எனக்காக ஜெபம் பண்ணுங்கள் என்று கேட்கவில்லை. நான் உட்கார்ந்து பேச இந்த ஊரில் இன்னொரு குடிகாரரைக் காட்டுங்கள் என்று கேட்டார். அப்படிக் கிடைத்தவர் பாப் ஸ்மித் என்கிற அறுவை சிகிச்சை டாக்டர். கால் மணி நேரம்தான் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தவர்கள் மணிக்கணக்காகப் பேசினார்கள். அந்த டாக்டர் கடைசியாகக் குடித்த ஜூன் 10-ம் தேதியைத்தான் ஏ.ஏ. தன்னுடைய பிறந்த நாளாக வைத்திருக்கிறது. நம் நாட்டுக்கு 1957-ல் வந்தது. நெல்லைப் பக்கமும் கூட்டங்கள் நடக்கின்றன.

வெளியாட்களும் போகக்கூடிய திறந்த கூட்டம் ஒன்றுக்கு நான் போயிருக்கிறேன். பள்ளிக்கூட வகுப்பறை. பிள்ளைகள் பெஞ்சில் பெரிய ஆட்கள் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். கரும்பலகையில் அன்றைய கணக்குப் பாடம் அழிக்காமல் கிடந்தது. ஒருவர் எழுந்து பேரை மட்டும் சொல்லி, ‘நான் ஒரு குடிநோயாளி’ என்றார். எல்லாரும் அவருக்கு வணக்கம் சொன்னார்கள். வயதான பனையேறி ஒருவர் துண்டை நாலாக மடித்து மடியில் வைத்துக்கொண்டு, ‘இன்னைக்குக் கடையைத் தாண்டித்தான் வந்தேன். தாண்டுகையில இங்க இருக்க ஒவ்வொரு மூஞ்சியா நெனச்சுக்கிட்டேன்’ என்றார். அவர் பேசியது அவ்வளவுதான். யாரும் புத்தி சொல்லவில்லை, குறுக்கே பேசவில்லை. கடைசியில் ஒரு பை சுற்றி வந்தது, முடிந்தவர்கள் பத்து இருபது போட்டார்கள். இட வாடகைக்கும் டீக்கும் அந்தக் காசுதான். நான் நீட்டியதை வாங்கவில்லை. உறுப்பினர் அல்லாதவர்களிடம் வாங்குவதில்லை என்பது அவர்கள் வைத்திருக்கிற முறை. சேருவதற்குக் கட்டணம் கிடையாது, சாதி மதம் கேட்பது கிடையாது. குடியை நிறுத்த வேண்டும் என்கிற ஆசை இருந்தால் போதும். கொஞ்ச நாள் போனதும் ஸ்பான்சர் என்று மூத்தவர் ஒருவரைப் பிடித்துக்கொள்ளலாம். கொடை ராத்திரியில் உங்கள் பக்கத்தில் இருக்க வேண்டியவர் அவர்தான். இன்றைக்கே விசாரித்தால் சித்திரைக்குள் அப்படி ஒருவர் கிடைத்துவிடுவார்.

இது தவிர, பழைய சிவன் கோயில்களில் ஞாயிற்றுக்கிழமை உழவாரப்பணி செய்கிற குழுக்கள் இருக்கின்றன. பிரகாரத்தில் புல் செதுக்குவார்கள், விளக்கு தேய்ப்பார்கள், ஒட்டடை அடிப்பார்கள், மத்தியானம் சேர்ந்து சாப்பிட்டுக் கலைவார்கள். கொத்தனார் என்று தெரிந்தால் உங்களை விடவே மாட்டார்கள். குடிக்காத ஆண்கள் ஒரு பகல் பூராவும் சேர்ந்து சிரித்துப் பேசிக்கொண்டிருப்பதை நீங்கள் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. திருச்செந்தூர் பாதயாத்திரைக் குழுவில் சேருவதானால் மட்டும், யார் யார் வருகிறார்கள் என்று விசாரித்துவிட்டுச் சேருங்கள். வழியில் குடிக்கிற செட்டும் உண்டு.

என் கணவர் வருஷா வருஷம் கார்த்திகை ஒன்றாம் தேதி ஐயப்பனுக்கு மாலை போடுவார். 41 நாளும் ஒரு சொட்டு தொடமாட்டார். மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றினால் அன்றைக்கு ராத்திரியே குடித்துவிட்டு வருவார். 41 நாள் இருக்க முடிகிறவருக்கு மற்ற நாளில் ஏன் முடியவில்லை? வேண்டுமென்றே செய்கிறாரா? (சங்கரன்கோவில் வாசகி)

வேண்டுமென்றே செய்யவில்லை அம்மா. மாலை போட்ட நாளிலிருந்து அவருக்கு என்னவெல்லாம் கிடைக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். கடைக்காரர் முதல் கண்டக்டர் வரை சாமி என்று கூப்பிடுகிறார்கள். விடியுமுன் குளியல், சாயங்காலம் பஜனை, தரையில் படுக்கை. கிளாஸை நீட்ட எவனுக்கும் துணிச்சல் வராது. ஒரு நாள் பூஜைக்குப் போகாவிட்டால் ‘சாமியக் காணோமே’ என்று குருசாமி கேட்டுவிடுவார். மாலையைக் கழற்றுகிற அன்றைக்கு இத்தனையும் மொத்தமாகப் போய்விடுகிறது. அந்த 41 நாளில் அவரைப் பிடித்து நிறுத்தியதில் ஐயப்பனுக்கு எவ்வளவு பங்கோ, சரணம் சொல்லக் கூடிய அந்த ஆட்களுக்கும் அவ்வளவு பங்கு என்பது என் எண்ணம்.

ஆகவே மாலையோடு இருக்கும்போதே குருசாமியைப் போய்ப் பாருங்கள். மாலை கழற்றின பிறகும் சனிக்கிழமை தோறும் அவரைக் கூப்பிட்டுப் பூஜையில் உட்கார வைக்கச் சொல்லுங்கள். நல்ல குருசாமிகள் இதைச் சந்தோஷமாகச் செய்வார்கள். ஏ.ஏ. கூட்டத்துக்கும் விரத நாளிலேயே போய்ப் பழகட்டும். அங்கே ‘இன்று ஒரு நாள் மட்டும்’ என்பார்கள். 41 என்று முடிவுத் தேதி வைத்தால் மனசு அந்தத் தேதியைத்தான் எண்ணிக்கொண்டிருக்கும்.

இதை எல்லா வீட்டுக்கும் சேர்த்துச் சொல்கிறேன், கவனமாகப் படியுங்கள். தினமும் காலையிலிருந்தே குடிக்கிற ஒருவர் மாலை போட்டு ஒரே நாளில் நிறுத்துவது ஆபத்து. சில மணி நேரத்திலேயே கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாள் கழித்து ஆள் அடையாளம் தெரியாமல் பிதற்றலாம், சுவரில் பூச்சி ஊர்கிறது என்று தட்டிவிடலாம், இல்லாத ஆளோடு பேசலாம். கார்த்திகை முதல் வாரத்தில் கழுத்தில் துளசி மாலையோடு இந்த நிலையில் வந்தவர்களை நான் வார்டில் கவனித்திருக்கிறேன். சாமி வந்திருக்கிறது என்று நினைத்துச் சூடம் காட்டி, திருநீறு பூசி, ஒரு நாளைக் கடத்திவிட்டுத்தான் கொண்டுவருவார்கள். அது குடி திடீரென்று நின்றதால் மூளையில் வருகிற கோளாறு. கவனிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. ஆஸ்பத்திரியில் மாத்திரையும் பி1 வைட்டமின் ஊசியும் கொடுத்துச் சில நாளில் பத்திரமாகத் தாண்ட வைத்துவிடுவார்கள். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. டாக்டரைப் பார்த்துவிட்டு மாலை போடுங்கள், ஐயப்பன் காத்திருப்பார்.

உங்களுக்கும் பேச ஆள் வேண்டும் அம்மா. குடிநோயாளிகளின் வீட்டார் கூடிப் பேசுவதற்கு அல்-அனான் என்று ஒரு அமைப்பு இருக்கிறது. பில் வில்சனின் மனைவி லோயிஸும் இன்னொரு பெண்ணும் 1951-ல் தொடங்கியது. புருஷனை எப்படித் திருத்துவது என்று அங்கே பேச மாட்டார்கள். அவர் குடித்துவிட்டு வந்த ராத்திரியிலும் நீங்கள் எப்படிச் சாப்பிட்டுத் தூங்குவது என்று பேசுவார்கள்.

கோயிலில் கயிறு கட்டியும் மகன் குடியை நிறுத்தவில்லை. குடித்தால் வாந்தி வருகிற மாத்திரை இருக்கிறதாமே, அவனுக்குத் தெரியாமல் காபியில் கலந்து கொடுக்கலாமா? (வள்ளியூர்)

கூடவே கூடாது. டைசல்ஃபிரம் என்கிற மாத்திரையைச் சொல்கிறீர்கள். அதைச் சாப்பிட்டிருக்கும்போது குடித்தால் முகம் சிவக்கும், வாந்தி எடுக்கும், ரத்த அழுத்தம் இறங்கும், நெஞ்சு வலி வரும், சில பேருக்கு உயிரே போகும். மாத்திரையை நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை அந்த ஆபத்து இருக்கிறது. சாப்பிடுகிறவருக்குத் தெரிந்து, அவர் சம்மதத்தோடு, டாக்டர் பார்வையில் மட்டும் கொடுக்க வேண்டிய மருந்து அது. போதை மீட்புக்கு 14446 என்று கட்டணமில்லாத உதவி எண் இருக்கிறது. முதலில் நீங்கள் பேசுங்கள், மகன் அப்புறம் பேசட்டும்.

நான் கருப்புச் சட்டைக்காரன். ஓய்வுபெற்ற ஆசிரியர், தென்காசி. குடியை நிறுத்த விரும்புகிறேன். ஏ.ஏ. கூட்டத்துக்கு ஒரு முறை போனேன். அவர்கள் பின்பற்றச் சொல்கிற 12 படிகளில் கடவுள், பிரார்த்தனை என்று வருகிறது. என் கொள்கையை விட்டுவிட்டுத்தான் குடியை விட வேண்டுமா?

வேண்டாம் ஐயா. கொள்கையைப் பிடித்துக்கொண்டே குடியை விட்டவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அந்தப் படிகளை எழுதின காலத்திலேயே கடவுள் நம்பிக்கை இல்லாத உறுப்பினர்கள் அங்கே இருந்தார்கள். அவர்கள் வாதாடினதால்தான் ‘அவரவர் புரிந்துகொண்ட வகையில்’ என்கிற சொல் சேர்ந்தது. தன்னைவிடப் பெரிய ஒரு சக்தி என்று இரண்டாம் படி சொல்வதை, அந்த அறையில் இருக்கிறவர்களின் கூட்டுப் பலம் என்று எடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. நீங்களும் அப்படி எடுத்துக்கொள்ளலாம். பிரார்த்தனை நேரத்தில் பேசாமல் நில்லுங்கள், யாரும் கேட்க மாட்டார்கள்.

ஆதாரம் கேட்பீர்கள் என்று தெரியும், கேட்கத்தான் வேண்டும். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2020-ல் இதை ஆராய்ந்தது. 27 ஆய்வுகள், பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்கள். நோயாளிகளை ஏ.ஏ. கூட்டங்களில் கலந்துகொள்ளப் பழக்குகிற முறையான சிகிச்சை, தொடர்ந்து குடிக்காமல் இருக்க வைப்பதில் மற்ற மனநல சிகிச்சைகளுக்குச் சமமாகவோ ஒரு படி மேலாகவோ இருந்தது. வார்டு அனுபவத்தில் எனக்குத் தோன்றுவது, பக்தியை விட நட்புதான் அங்கே நிறைய வேலை பார்க்கிறது.

அப்படியும் மனசு ஒப்பவில்லை என்றால், அமெரிக்காவில் 1994-ல் தொடங்கிய ஸ்மார்ட் ரிகவரி என்கிற முறையில் கடவுள் பேச்சே கிடையாது. இணையத்தில் கூட்டங்கள் நடக்கின்றன, ஆனால் பெரும்பாலும் ஆங்கிலத்தில். உங்களுக்கு அது தடையாக இருக்காது. என்றாலும் நேரில் போய் உட்கார ஒரு இடம் இருப்பது வேறு. ஒரு கூட்டத்தை வைத்து முடிவு கட்டாமல் இன்னும் சில கூட்டங்களுக்குப் போய்ப் பாருங்கள், வேறு ஊர்க் குழுவாக இருந்தாலும் சரி.

நான் கல்லூரியில் படிக்கிறேன். நாசரேத் பக்கம் ஊர். அப்பா போன வருஷம் குடியை விட்டு, எங்கள் சபையார் கூடி விருந்து சாப்பிடுகிற அசனப் பண்டிகையில் எல்லார் முன்னிலையிலும் சாட்சி சொன்னார். அம்மா அழுதுவிட்டார்கள். ஐந்து மாதம் நன்றாக இருந்தார். இப்போது மறுபடி குடிக்கிறார். கோயிலுக்கு வரமாட்டேன், எந்த முகத்தோடு வருவது என்கிறார். எனக்கும் போக வெட்கமாக இருக்கிறது.

நீ வெட்கப்பட ஒன்றுமே இல்லை மகளே. அப்பா சாட்சி சொன்ன அன்றைக்குப் பொய் சொல்லவில்லை. அந்த ஐந்து மாதமும் நிஜம். குடிநோய் திரும்ப வருவது சகஜம், சர்க்கரை ஒரு மாதம் இறங்கி மறு மாதம் ஏறினால் யாரும் எந்த முகத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போவது என்று கேட்பதில்லை. நான் உங்கள் சபையைச் சேர்ந்தவள் இல்லை, ஆனால் உங்கள் வேதத்தில் தொலைந்துபோன மகனுக்காக வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த தகப்பன் கதை எனக்குத் தெரியும். மகன் சாட்சி ஒன்றும் சொல்லி முடிக்கவில்லை, தூரத்தில் வரும்போதே அவர் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டார்.

சபைக்காரர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. குடியை விட்டுச் சில மாதமே ஆனவர்களை மேடையேற்றிச் சாட்சி சொல்ல வைக்காதீர்கள். கைதட்டல் அன்றைக்கு நன்றாக இருக்கும். அப்புறம் சறுக்கினால் அந்த மேடையே அவரைத் திரும்பி வர விடாமல் மறித்துக்கொள்கிறது. ஏ.ஏ.யில் பத்திரிகைக்கும் பொதுமேடைக்கும் பேரும் படமும் கொடுப்பதில்லை என்று வைத்திருப்பதில் பெரிய நியாயம் இருக்கிறது. விழுந்தவர் சத்தமில்லாமல் வந்து பழைய இடத்தில் உட்கார்ந்துகொள்ளலாம். அப்படி வருகிறவருக்குத்தான் அங்கே அதிக அன்போடு டீ வரும்.

நீ செய்ய வேண்டியது கொஞ்சம்தான். உபதேசியாரிடமோ போதகர் ஐயரிடமோ தனியாகப் பேசு. அப்பாவைக் கோயிலுக்குக் கூப்பிட வேண்டாம், வீட்டுக்கு வந்து அரை மணி நேரம் பேசிக்கொண்டிருக்கச் சொல். குடியைப் பற்றிப் பேசாமல் வயலைப் பற்றி, மழையைப் பற்றிப் பேசினாலும் போதும். டாக்டரிடம் திரும்பப் போவதற்கு அம்மாவும் அப்படி வீட்டுக்கு வருகிறவரும் சேர்ந்து அழைக்கட்டும். அப்பா தினமும் குடிக்கிறார் என்றால் நான் மேலே சங்கரன்கோவில் அம்மாவுக்கு எழுதியதை வீட்டில் எல்லாரும் படியுங்கள், வீட்டிலேயே திடீரென்று நிறுத்த வைக்க வேண்டாம். உனக்கு மனசு தாங்காத நாளில் 14416 என்கிற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்குக் கூப்பிடு. தமிழில் பேசலாம், காசு கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை நீ கோயிலுக்குப் போ. யாராவது அப்பா எங்கே என்று கேட்டால், உடம்பு சரியில்லை, வீட்டுக்கு வந்து பாருங்கள் என்று சொல். அதுதான் உண்மையும் கூட. யார் வந்தார்கள், அப்பா என்ன சொன்னார் என்று எனக்கு ஒரு வரி எழுது. பத்திரிகையில் போட மாட்டேன், பதில் தபாலில் வரும்.